சுமைகூலி முக்கால் பணம்: சொகுசு கார் நிறுவனங்களுக்கும் டீலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: சொகுசு கார் நிறுவனங்களின் இந்தியத் தலைமை அலுவலகங்கள், தமிழ்நாட்டில் உள்ள அவற்றின் டீலர்கள், சர்வீஸ் மேலாளர்கள்.

வணக்கம்.

உங்கள் கார் கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்பவர்களிடம், அதை இரண்டு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வோம். வண்டி தகுமா என்பது ஒன்று. வண்டியை வைத்துக் காப்பாற்ற நீங்கள் போடும் பில் தகுமா என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு எங்கள் பதில் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். இந்த மடல் இரண்டாவதைப் பற்றியது. எழுதுகிறவர்கள், வாரன்டி முடிந்தபின் உங்கள் கார்களின் பானட்டைத் திறக்கும் தனியார் வொர்க்ஷாப்காரர்கள்.

முதலாவதைச் சட்டென்று முடித்துவிடலாம். 60 லட்ச ரூபாய் ஷோரூம் விலையுள்ள ஒரு பெட்ரோல் அல்லது டீசல் காரில், 2025 செப்டம்பர் 22 முதல் அமலில் இருக்கும் 40 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே 17 லட்சத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி வேறு 20 சதவீதம். அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. மிச்சப் பணத்துக்கு வாங்குகிறவர் கையில் என்ன கிடைக்கிறது என்பதை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் தெரியும்: அலுமினிய ஆர்ம்கள், பின்பக்கம் மல்டி லிங்க் அமைப்பு, பெரிய பிரேக் டிஸ்க், வண்டியின் அடிப்பகுதி முழுக்கக் காற்று தடையின்றிப் போக வைத்த மூடிகள். திண்டிவனம் தாண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்தால் இவற்றுக்குக் கொடுத்த காசு ஒரே நொடியில் வசூலாகிவிடும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் 2007-இலிருந்து பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன, அந்தப் பூட்டுதலில் குறை காண எங்களுக்கு எதுவும் இல்லை.

கணக்கு இடறுவது நாலாம் வருடத்தில்.

லேபரிலிருந்து தொடங்குவோம். உங்கள் பில்கள் பலவற்றில் அது ஒரே தொகையாக நிற்கிறது. ஆனால் அது குத்துமதிப்பாகப் போட்ட தொகை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பி.எம்.டபிள்யூ.வில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை ‘ஃபிளாட் ரேட் யூனிட்’ என்று கம்பெனியே நிர்ணயித்திருக்கிறது. 12 யூனிட் சேர்ந்தால் ஒரு மணி நேரம். மெர்சிடிஸில் ‘ஏ.டபிள்யூ.’ என்று பெயர். அதுவும் ஐந்து நிமிடக் கணக்கு. ஆடி உள்ளிட்ட ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் 100 யூனிட் ஒரு மணி. அதாவது எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்ற விவரம் உங்கள் கணினியில் நிமிடக் கணக்கில் இருக்கிறது. அந்த விவரத்தை மட்டும் வாடிக்கையாளர் கையில் போகும் தாளில் அச்சிட மாட்டேன் என்கிறீர்கள்.

அச்சிட்டால் என்ன வெளிப்படும் என்பதற்கு ஓர் உதாரணம். பி.எம்.டபிள்யூ.வின் என்20 பெட்ரோல் எஞ்சினில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கிறது. சில வருடச் சூட்டில் அது பிளாஸ்டிக் போல இறுகிப்போய் ஆயில் கசியத் தொடங்கும். ரப்பரின் விலை சுண்டைக்காய். அதை எட்ட இன்டேக் மேனிஃபோல்டை (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கழற்றியாக வேண்டும், அதனால் கூலி முக்கால் பணம், இதுவரை நியாயம்தான். மேனிஃபோல்டைக் கழற்றும்போது அதில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி தானாகக் கையோடு வந்துவிடுகிறது. அதே பில்லில் ‘த்ராட்டில் பாடி கிளீனிங்’ என்று இன்னொரு வரி, கழற்றிப் பூட்டும் கூலியோடு வந்தால், ஒரே திருகாணிக்கு இரண்டு தடவை காசு வாங்கியதாகத்தானே அர்த்தம்? யூனிட் எண்ணிக்கை தாளில் இருந்தால் இதைப் பிடிக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

அடுத்தது, சின்ன உறுப்பு கெட்டதற்குப் பெரிய தொகுப்பை மாற்றும் பழக்கம். இதில் டீலரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். பாதி நேரம் கம்பெனியின் பார்ட்ஸ் பட்டியலே அப்படித்தான் இருக்கிறது; உள்ளே இருக்கும் உறுப்புக்குத் தனி பார்ட் நம்பரே கொடுப்பதில்லை. ஆனால் நம்பர் இருந்தும் சொல்லாமல் விடுகிற இடங்கள் உண்டு. ஒரு சின்ன இடியில் ஹெட்லைட்டை வண்டியில் பொருத்தும் காது மட்டும் உடைந்தால், பல மாடல்களுக்கு அந்தக் காதை மட்டும் மாற்றும் ரிப்பேர் கிட் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. எல்.இ.டி. எரியவில்லை என்றால் பல விளக்குகளில் அடியில் திருகியிருக்கும் கன்ட்ரோல் மாட்யூலைத் தனியாக மாற்றலாம். இருந்தும் எஸ்டிமேட்டில் வருவது முழு விளக்கு. இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கிறது என்பது அட்வைசரின் சமாதானம். பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்கு இன்ஷூரன்ஸ் பாதி விலையைத் தேய்மானமாகக் கழிக்கும். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசி இல்லாதவர் அந்தப் பாதியைத் தன் பையிலிருந்து கட்டுகிறார்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் நடப்பது இன்னும் மோசம். காலையில் வந்து பார்த்தால் வண்டி ஒரு மூலையில் மட்டும் படுத்திருக்கும். காற்றுப் பையின் மடிப்பில் ரப்பர் வெடித்துப் பொடிக்கசிவு. கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, கடைசியில் எரிந்து போகும். ஸ்கேனரில் வரும் பிழை கம்ப்ரஸருடையது. பிழையை மட்டும் படித்து கம்ப்ரஸரை மாற்றினால், புதியதும் சில மாதங்களில் அதே வழியில் போகும். செய்யவேண்டிய வரிசை வேறு: முதலில் நான்கு பைகளிலும், பைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கின் குழாய் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவைக் கண்டுபிடிப்பது, பிறகு பை, பிறகு கம்ப்ரஸரும் அதன் ரிலேயும் (பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புது கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்), கடைசியில் உயர அளவீட்டைக் கணினியில் சரிசெய்வது. இதில் கடைசிப் படிக்கு மட்டும்தான் உங்கள் மென்பொருள் தேவை. முதல் படிக்கு வேண்டியது ஒரு வாளியும் பத்து நிமிடமும்.

இனி, எங்களுக்குப் பெரிய கோபம் உள்ள விஷயம்: ‘லைஃப்டைம்’ கியர்பாக்ஸ் ஆயில்.

பி.எம்.டபிள்யூ., ஜாகுவார், லேண்ட் ரோவர், ஆடியின் பெரிய மாடல்கள் என்று பலவற்றிலும் இருப்பது இசட்.எஃப். நிறுவனத்தின் 8 எச்.பி. வகை எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அருமையான பெட்டி. அதைச் செய்கிற இசட்.எஃப். என்ன சொல்கிறது? ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தப் பெட்டியை வாங்கிப் பொருத்துகிற கார் கம்பெனிகள் பலவும் ‘ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை’ என்கின்றன. யாருடைய ஆயுள்? வாரன்டியின் ஆயுளா, முதல் சொந்தக்காரரின் ஆயுளா? அண்ணா சாலை நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே நாள் முழுக்க ஊசலாடும் பெட்டிக்கு 80,000 என்ற கீழ் எல்லையே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. மாற்றாமல் விட்டால் முதலில் குளிர்ந்த எஞ்சினில் கியர் இறங்கும்போது ஒரு தட்டு, பிறகு சூடான பிறகும் தட்டு, பிறகு சறுக்கல். அப்போது டீலர் கொடுப்பது முழுப் பெட்டிக்கான எஸ்டிமேட்.

வேலை பெரிதும் இல்லை. ஆனால் ஒழுங்காகச் செய்யாவிட்டால் கெடும் என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறோம். பல கார்களில் இந்தப் பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பே பிளாஸ்டிக். ஃபில்டர் அதற்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் சம்ப்பையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். திருகாணிகளை அளவுக்கு மேல் இறுக்கினால் சம்ப் விரிசல் விடும். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெகாட்ரானிக் யூனிட்டின் மின்இணைப்புக் குழலில் உள்ள ரப்பர் வளையங்கள் அந்த வயதில் கசியத் தொடங்கும். கைக்கு எட்டும்போதே அதையும் மாற்றுவது புத்திசாலித்தனம். நிரப்பும்போது வண்டி மட்டமாக நிற்க வேண்டும். முதலில் வழியும் வரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, இன்னும் ஊற்ற வேண்டும். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி பார்க்கில் போட வேண்டும். ஆயில் சூடு ஸ்கேனரில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது நிரப்பும் துளையிலிருந்து மெல்லிய இழையாக வழிந்தால் அளவு சரி. எஞ்சின் நின்றிருக்கும்போது துளையைத் திறந்தால் உள்ளே இருப்பதில் கணிசமான பங்கு கொட்டிவிடும். அந்தத் தவறைச் செய்துவிட்டு ‘ஆயில் மாற்றிய பிறகுதான் பெட்டி கெட்டது’ என்று பழியை ஆயில் மேல் போடுபவர்கள் எங்கள் தரப்பில் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறோம்.

எஞ்சின் ஆயிலிலும் இதே கதைதான், கொஞ்சம் சின்ன அளவில். ஐரோப்பிய நெடுஞ்சாலைக்கென்று வகுத்த நீண்ட ஆயில் மாற்ற இடைவெளிகளை நம்பி ஓட்டிய கார்கள் எங்களிடம் வருகின்றன. டேஷ்போர்டில் சராசரி வேகம் 18 என்று காட்டும் காரில் 10,000 கிலோமீட்டர் என்பது எஞ்சின் 556 மணி நேரம் ஓடியதற்குச் சமம். சராசரி 60 உள்ள காருக்கு அதே தூரம் 167 மணி நேரம். இருவருக்கும் ஒரே இடைவெளி எப்படிப் பொருந்தும்? பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசலில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து உடைந்தால், எட்டிப் பார்க்கவே கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும். அந்த எஞ்சினுக்குப் பிடிக்கும் ஆயில் 5.2 லிட்டர். மெர்சிடிஸின் ஓ.எம்.651 டீசலுக்கு 6.5 லிட்டர். இவ்வளவு சிறிய செலவைப் பாதியிலேயே இன்னொரு தடவை செய்யுங்கள் என்று சொல்ல ஏன் தயக்கம்? விற்கும்போது ‘பராமரிப்புச் செலவு குறைவு’ என்று காட்ட இடைவெளியை நீட்டுகிறீர்கள். அதன் விலையை இரண்டாவது சொந்தக்காரர் கொடுக்கிறார். ஆயிலின் தரக்குறியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: டி.பி.எஃப். (புகைக்கரியை வடிகட்டும் ஃபில்டர்) உள்ள டீசலுக்கு பி.எம்.டபிள்யூ.வில் லாங்லைஃப்-04, மெர்சிடிஸில் 229.51 அல்லது 229.52, ஆடியில் 507 00. டப்பாவின் பின்பக்கம் இந்த எண் இருந்தால், அதை ஷோரூமில் வாங்கினாலும் சென்னை ஜி.பி. ரோட்டின் உதிரி பாகச் சந்தையில் நம்பிக்கையான கடையில் வாங்கினாலும் எஞ்சினுக்கு வேற்றுமை தெரியாது.

உதிரி பாகங்களுக்கும் இது பொருந்தும். லெம்ஃபோர்டர் செய்த சஸ்பென்ஷன் ஆர்ம், மான் ஃபில்டர், பாஷ் இன்ஜெக்டர், சாக்ஸ் ஷாக் அப்சார்பர் ஆகியவை உங்கள் பெட்டியில் வரும்போது ஒரு விலை, செய்தவர் பெட்டியில் வரும்போது ஒரு விலை. வெளியே கிடைக்கும் சில உறுப்புகளில் கார் கம்பெனியின் சின்னம் இருந்த இடம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும். மற்றபடி அதே வார்ப்பு, அதே எண். வித்தியாசத் தொகை எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்டால் ‘ஜெனுயின் சார்’ என்பதற்கு மேல் உங்கள் கவுன்டரில் பதில் வருவதில்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே விஷயம். தகவல் பூட்டிக் கிடக்கிறது. பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.டபிள்யூ.வில் புது பேட்டரி போட்டால் அதைக் காரின் கணினியில் பதிய வேண்டும். இல்லையேல் பழைய, தளர்ந்த பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். புதியது சீக்கிரம் சாகும். இது வெளிக் கருவிகளில் செய்ய முடிகிற வேலைதான். ஆனால் மெர்சிடிஸின் 722.9 ஏழு கியர் பெட்டியை எடுங்கள். உள்ளே இருக்கும் மின்தகட்டில் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று கெட்டால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். தகட்டை மாற்றுவது அரை நாள் வேலை. மாற்றிய தகட்டை அந்தக் காருக்குப் பழக்க, திருட்டுத் தடுப்புப் பட்டியலில் அது இருப்பதால், கம்பெனியின் சர்வருக்குள் போக வேண்டும். அந்தக் கதவு உங்களிடம். ஆகவே வாடிக்கையாளர் டீலரிடம் வருகிறார், தகடு பொருந்தியிருக்கும் முழு வால்வு பாடிக்கும் எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். திருட்டுத் தடுப்பு அவசியம்; மறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018/858 எண் விதியின் கீழ், பழுதுபார்க்கும் தகவலைத் தனியார் வொர்க்ஷாப்களுக்கும் நீங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தே ஆக வேண்டும். அங்கே உங்களால் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

முடிய வேண்டும் என்று இங்கேயும் சொல்லியாகிவிட்டது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் பென்ஸ் உட்பட 14 கார் கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் அடைத்து வைத்ததற்காக. அபராத வழக்கு எப்படிப் போனாலும் போகட்டும். அந்த உத்தரவில் இன்னொரு வரி இருக்கிறது: வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காகவே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளி வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம். பத்து ஆண்டுக்கு மேலாகியும் ‘வெளியே ஆயில் மாற்றினால் வாரன்டி போய்விடும்’ என்ற மிரட்டல் கவுன்டரில் நின்றபாடில்லை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. அதில் வாகனத் துறையும் ஒன்று. அங்கே கம்பெனியின் பெயர் இருப்பதும், சர்வருக்குள் நுழைய வழி இருப்பதும் ஒன்றல்ல.

டீலரிடம் போகவே கூடாது என்பது எங்கள் வாதம் இல்லை. ஏர்பேக், ரீகால், மின்சாரக் கார்களின் உயர் அழுத்த பேட்டரி, கண்ணாடி மாற்றிய பிறகு கேமராவை அளவு பிடிப்பது, அலுமினிய உடலைப் பசையும் ரிவெட்டும் வைத்து ஒட்டுவது ஆகிய வேலைகளுக்கு உங்கள் கூலி தகும். எங்களில் பெரும்பாலோரிடம் அதற்கான கருவி கிடையாது. அரைகுறை ஸ்கேனரை வைத்து ஏர்பேக் விளக்கை மட்டும் அணைத்து அனுப்புகிற வொர்க்ஷாப்பை விட நீங்கள் நூறு மடங்கு மேல். புதுப்பேட்டை பழைய உதிரி பாகக் கடைகளிலிருந்து, எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று தெரியாத பிரேக் உறுப்பை வாங்கி மாட்டுபவர்களை நாங்களும் பரிந்துரைப்பதில்லை. வாரன்டி காலத்தில் உங்களிடமே போகச் சொல்லித்தான் நாங்களும் அனுப்புகிறோம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் சென்னையில் முங்கிய கார்களில் விலை உயர்ந்தவற்றுக்கு ஒரு தனிச் சிக்கல்: பல ஜெர்மன் கார்களில் கன்ட்ரோல் யூனிட்கள் கம்பளத்துக்கு அடியிலும் டிக்கியின் பள்ளத்திலும் இருக்கின்றன. முழங்கால் தண்ணீரே போதும். இன்ஷூரன்ஸ் கணக்கில் காரின் ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்த காரின் மதிப்பு) 75 சதவீதத்தை எஸ்டிமேட் தாண்டினால் முழு நஷ்டம். 60 லட்சம் கார் நாலாம் வருடத்தில் தேய்மானம் போக 36 லட்சம். 27 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் போனால் வண்டி கணக்கு மூடப்படும். திறந்து காயவைத்துச் சோதிக்காமலேயே எல்லா யூனிட்டையும் ‘மாற்ற வேண்டும்’ பட்டியலில் போட்டால் அந்த எண்ணை எட்டுவது சுலபம். பிறகு அந்த எஸ்டிமேட்டுக்கென்றே தனிக் கட்டணமும், வண்டி உங்கள் இடத்தில் நின்ற நாள்களுக்கு வாடகையும். எந்த யூனிட்டைச் சோதித்தீர்கள், எதைச் சோதிக்கவில்லை என்று பக்கத்தில் ஒரு குறி போட்டுக் கொடுங்கள். சர்வேயருக்கும் சொந்தக்காரருக்கும் அது போதும்.

யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்ற மனப்பான்மை உங்கள் கவுன்டர்களில் இருக்கிறது. உங்கள் கார்களைப் பழையதாக வாங்குகிறவர்கள் ஷோரூமில் வாங்கியவர்கள் அல்லர். புது நடுத்தரக் கார் விலைக்கு ஆறு வயது ஜெர்மன் செடான் காரை வாங்கியவர்கள். அங்குசத்தின் விலை தெரியாததால்தான் பலர் அந்தக் காரைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள். அதனாலேயே மறுவிற்பனை விலை சரிகிறது. அந்தச் சரிவு கடைசியில் உங்கள் புது வாடிக்கையாளரின் எக்ஸ்சேஞ்ச் விலையில்தான் வந்து நிற்கிறது.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை யூனிட், ஒரு மணிக்கு என்ன கூலி என்று அச்சிடுங்கள். மாற்றிய உறுப்பைக் கேட்காமலேயே டிக்கியில் வைத்து அனுப்புங்கள். கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பெட்டியைச் செய்தவர் சொன்ன இடைவெளியை சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் சேஸிஸ் எண் போட்டால் தெரியும்படி இணையத்தில் திறந்து வையுங்கள். புது உறுப்பைக் காருக்குப் பழக்கும் கோடிங் சர்வருக்கு, அடையாளச் சான்று சரிபார்த்த வொர்க்ஷாப்களுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுங்கள், இலவசமாகக் கேட்கவில்லை.

கடைசிக் கோரிக்கைக்கு ஜெர்மனியிலிருந்து ஒப்புதல் வர வேண்டும் என்பீர்கள், சரி. முதல் கோரிக்கைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. யூனிட் எண்ணிக்கை உங்கள் ஜாப் கார்டு மென்பொருளில் ஏற்கெனவே ஒரு பத்தியாக இருக்கிறது. பிரின்ட் கொடுக்கும்போது அந்தப் பத்தியை மறைக்காமல் விடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையின் தனியார் கார் வொர்க்ஷாப்காரர்கள் சிலர்